ரெடிஸில் டிஎல்எஸ்: 6380-ஐத் திறந்தோம், 6379-ஐ மூடினோமா?

வாசகர் கேள்வி, 2025 ஜூலை 8

"நினைவகத்தில் தரவை வைத்துக்கொள்ளும் ரெடிஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறோம். எங்கள் ரெடிஸ் சர்வர் நிறுவனத்தின் உள்வலையமைப்பில் இருக்கிறது, இணையத்திலிருந்து யாரும் அதை நேரடியாக எட்ட முடியாது. 40 எழுத்துக் கடவுச்சொல்லும் வைத்திருக்கிறோம். ஆனால் தணிக்கைக்கு வந்தவர்கள், செயலிக்கும் ரெடிஸுக்கும் இடையிலான இணைப்பு மறையாக்கம் செய்யப்படவில்லை என்று குறை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சர்வருக்கு, இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் எதற்கு? அப்படியே வேண்டுமென்றாலும் அது அரை மணி நேர வேலைதான் என்று உடன் பணியாற்றுபவர் சொல்கிறார். இதில் எதை நம்புவது?"

2025 ஜூலை 8, மாலை

தணிக்கையாளர்கள் எழுதியது சரி. அரை மணி நேரம் என்பதும் ஏறத்தாழச் சரி.

கடவுச்சொல் இருப்பதால் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு முறை ரெடிஸின் வழக்கமான 6379-ஆம் போர்ட்டின் போக்குவரத்தை, டிசிபிடம்ப் என்னும் ஒற்றுக்கேட்கும் கருவி கொண்டு எழுத்து வடிவில் பார்க்க வேண்டும். ரெடிஸ் பேசும் ரெஸ்ப் என்னும் நெறிமுறை கண்ணால் படிக்கக்கூடியது. செயலி இணைப்பைத் திறந்தவுடன் அனுப்பும் முதல் கட்டளை 'ஆத்'. அதற்குக் கீழேயே உங்கள் கடவுச்சொல் முழுமையாக நிற்கும். கடவுச்சொல்லின் நீளம், ஊகித்து உள்ளே நுழையப் பார்ப்பவனைத்தான் தடுக்கும். கம்பியில் காதை வைத்திருப்பவனுக்கு 4 எழுத்தும் 40 எழுத்தும் ஒன்றே. உள்வலையமைப்பில் அப்படி யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். அதே வலையமைப்பில் எப்போதோ நிறுவி மறந்துபோன ஒரு பழைய வேர்ட்பிரஸ் சர்வர் இருந்தால் போதும், அதன் வழியாக நுழைந்தவர் உங்களுக்கு 'உள்ளாள்' ஆகிவிடுகிறார்.

2009-இல் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ ரெடிஸை வெளியிட்டபோது, நம்பகமான சூழலில் நம்பகமான கிளையண்ட்கள் மட்டுமே அதனோடு பேசுவார்கள் என்ற எண்ணத்தில்தான் அதை அமைத்தார். வேகமே அதன் குறிக்கோளாக இருந்தது. டிஎல்எஸ் அதன் உள்ளேயே சேர்ந்தது 2020 ஏப்ரல் இறுதியில் வந்த 6.0 பதிப்பில்தான், பயனர்வாரியாக உரிமைகளைப் பிரிக்கும் ஏசிஎல் வசதியும் அதே பதிப்பில் வந்தது. ஆகவே பதினோரு ஆண்டுப் பழக்கம் முழுவதும் மறையாக்கம் இல்லாத பழக்கம். வலையில் கிடைக்கும் செய்முறைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இன்றும் அந்தப் பழக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

வேலை இவ்வளவுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் கருவி கொண்டு உங்களுக்கென்று ஒரு சான்றளிப்பு அமைப்பை, அதாவது சிஏவை, உருவாக்குங்கள். அதைக் கொண்டு சர்வருக்கு ஒரு சான்றிதழில் கையொப்பமிடுங்கள். சான்றிதழ், தனிச்சாவி, சிஏ சான்றிதழ் ஆகிய மூன்று கோப்புகளின் பாதைகளையும் ரெடிஸின் அமைவுக் கோப்பில் எழுதுங்கள். டிஎல்எஸ்-போர்ட் என்ற வரியில் 6380 என்று கொடுத்து சர்வரை மீண்டும் தொடங்குங்கள். செயலியில் முகவரியின் முன்னொட்டை 'ரெடிஸ்' என்பதிலிருந்து கடைசியில் இன்னொரு எஸ் சேர்த்து மாற்றினால் இணைப்பு டிஎல்எஸ் வழியாகப் போகும்.

2025 ஜூலை 9

நேற்று எழுதியதை இரவில் மறுபடி படித்துப் பார்த்தேன். முக்கியமான வரி விடுபட்டிருக்கிறது. அரை மணி நேரம் என்று சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

டிஎல்எஸ்-போர்ட்டைத் திறப்பதால் பழைய போர்ட் மூடிக்கொள்வதில்லை. அமைவுக் கோப்பில் 'போர்ட்' என்ற வரியைத் தொடாமல் விட்டால் 6379 முன்பு போலவே மறையாக்கம் இன்றித் திறந்திருக்கும். அந்த வரிக்கு 0 என்று கொடுத்தால்தான் அது மூடும். முன்வாசலுக்குத் தேக்குக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டது போன்ற இந்த நிலையை நான் ஊகித்து எழுதவில்லை; முன்பு பணியாற்றிய இடத்தில் நானே செய்திருக்கிறேன். செயலிகளை ஒவ்வொன்றாக 6380-க்கு மாற்றி முடித்த பிறகு 6379-ஐ மூடலாம் என்று திட்டமிட்டோம், நல்ல திட்டம்தான். 'முடித்த பிறகு' என்ற நாள் வரவில்லை. ஓராண்டு கடந்து வேறு ஏதோ பிழையைத் தேடும்போது, இரவு இரண்டு மணிக்கு ஓடும் அறிக்கைப் பணி ஒன்று இன்னும் 6379 வழியாகக் கடவுச்சொல்லை வெளிப்படையாக அனுப்பிக்கொண்டிருப்பதைக் கண்டேன். ஆவணத்தில் மட்டும் "அனைத்து இணைப்புகளும் மறையாக்கம் செய்யப்பட்டவை" என்று என் கைப்பட எழுதியிருந்தேன்.

யார் எந்தப் போர்ட்டில் இருக்கிறார்கள் என்று அறிவதற்கு 'கிளையண்ட் லிஸ்ட்' கட்டளை உதவும். 6.2 பதிப்பிலிருந்து அதன் விடையில் 'எல்ஆடர்' என்ற பகுதி வருகிறது. கிளையண்ட் சர்வரின் எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதை அது காட்டும். இதை ஒருமுறை ஓட்டிப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். எங்கள் இரவு இரண்டு மணிப் பணி பகல் பட்டியலில் எப்படித் தெரியும்? ஒரு வாரத்துக்குச் சில நிமிட இடைவெளியில் அதைப் பதிவு செய்து, எல்ஆடர் மதிப்பு 6379-இல் முடியும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

2025 ஜூலை 9, பிற்பகல்

டிஎல்எஸ்-போர்ட் என்று எழுதியவுடன் சர்வர் தொடங்க மறுத்து, தெரியாத அமைவு வரி என்று புலம்புவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது டிஎல்எஸ் இல்லாமல் தொகுக்கப்பட்ட ரெடிஸ். மூல நிரலிலிருந்து வெறும் 'மேக்' கட்டளையால் தொகுத்தால் டிஎல்எஸ் சேராது. பில்ட்-டிஎல்எஸ் என்ற மாறிக்கு 'யெஸ்' என்று கொடுத்துத் தொகுக்க வேண்டும். ரெடிஸ்-சர்வர் கோப்பின் மீது எல்டிடி கட்டளையை ஓட்டினால், லிப்எஸ்எஸ்எல் என்னும் டிஎல்எஸ் நூலகம் பட்டியலில் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

2025 ஜூலை 12

அடுத்து எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். டிஎல்எஸ் வேலை செய்கிறது, செயலி இணைய முயல்கிறது, சர்வர் பதிவில் "எதிர்த்தரப்பு சான்றிதழ் தரவில்லை" என்ற பொருளில் ஓப்பன்எஸ்எஸ்எல் பிழை ஒன்று விழுகிறது. வலைத்தளங்களில் பழகிய நமக்கு, சான்றிதழ் காட்ட வேண்டியது சர்வர் மட்டுமே என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. ரெடிஸ் அப்படி இல்லை. டிஎல்எஸ்-ஆத்-கிளையண்ட்ஸ் என்ற வரியின் இயல்பு மதிப்பே 'யெஸ்'. கிளையண்டும் தன் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். நள்ளிரவில் இந்தப் பிழையைப் பார்ப்பவர் தேடிக் கண்டுபிடிக்கும் முதல் தீர்வு அந்த வரியை 'நோ' என்று மாற்றுவது. உடனே எல்லாம் வேலை செய்யும், அதனால் அவர் தூங்கப் போய்விடுவார்.

'நோ' என்று வைப்பது பெருங்குற்றம் என்று சொல்ல மாட்டேன். மறையாக்கம் அப்போதும் உண்டு, கடவுச்சொல் அப்போதும் கேட்கப்படும். ஆனால் இயல்பு மதிப்பு தரும் நன்மை பெரியது: சான்றிதழ் இல்லாதவரால் 'ஆத்' கட்டளையைச் சொல்லும் கட்டத்துக்கே வர முடியாது. கடவுச்சொல் கசிந்துபோனாலும் தனிச்சாவி இல்லாதவருக்குக் கதவு திறக்காது. சென்ற வேலையிடத்தில் கடவுச்சொல் கிட் களஞ்சியத்தில் ஏறிவிட்டது என்று தெரிந்த நாளில், இந்த ஒரு வரி இருந்ததால்தான் நிதானமாக மாற்ற முடிந்தது.

இங்கே இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, நான் கையாண்ட 6, 7 பதிப்புகளில் கிளையண்ட் சான்றிதழ் கடவுச்சொல்லுக்கு மாற்று ஆகாது. சான்றிதழில் எந்தப் பெயர் இருந்தாலும் ரெடிஸ் அதைப் பயனராக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் யார் என்பதை 'ஆத்' சொல்லித்தான் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது, இதைவிட ஆபத்தானது. சிஏ கோப்பு என்ற இடத்தில் இயங்குதளத்தின் பொதுச் சான்றளிப்பு அமைப்புகளின் மொத்தத் தொகுப்பையும் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளையண்டின் சான்றிதழ் அந்தத் தொகுப்பில் உள்ள ஏதேனும் ஓர் அமைப்பு கையொப்பமிட்டதா என்பதை மட்டுமே சர்வர் பார்க்கிறது. அப்படியானால், உலகில் யாரோ ஒருவர் தன் சொந்தத் தளத்துக்கு முறைப்படி வாங்கிய சான்றிதழும், கிளையண்டாகப் பயன்படுத்த அதில் அனுமதி இருக்கும்பட்சத்தில், உங்கள் ரெடிஸின் வாசலைத் தாண்டும். பூட்டு நல்ல பூட்டுதான், ஊர் முழுக்க அதற்குச் சாவி இருக்கிறது, அவ்வளவே. இந்த ஒரு காரணத்துக்காகவே சொந்த சிஏ வேண்டும் என்று முதல் நாளே எழுதினேன்; காரணத்தை அன்று சொல்லாமல் விட்டது என் பிழை.

2025 ஜூலை 15

செயலிக்கும் சர்வருக்கும் இடையில் உள்ள கம்பியை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். முதன்மைச் சர்வருக்கும் அதன் நகல்களுக்கும் இடையில் இன்னொரு கம்பி ஓடுகிறது. அதில் போவது ஒன்றிரண்டு விசைகள் அல்ல. நகல் முதன்முறை இணையும்போது தரவுத்தளம் முழுவதும் ஒரே மூச்சில் அந்தக் கம்பியில் போகிறது.

டிஎல்எஸ்-ரெப்ளிகேஷன் என்ற வரியின் இயல்பு மதிப்பு 'நோ'. அதாவது நகல் தன் முதன்மையிடம் மறையாக்கம் இன்றிப் பேசத்தான் முயலும். முதன்மையில் 'போர்ட் 0' என்று வைத்திருந்தால் நகல் இணைய முடியாமல் கூச்சலிடும், நீங்களும் உடனே கவனிப்பீர்கள். 6379-ஐத் திறந்தே வைத்திருந்தால் எல்லாம் அமைதியாக நடக்கும். ஜூலை 9 அன்று நான் சொன்ன கொல்லைக் கதவின் உண்மையான விலை இதுதான்: கூச்சலிட வேண்டியது கூச்சலிடாமல் போகிறது. இந்த வரியை 'யெஸ்' என்று மாற்றும்போது நகலின் அமைவில் முதன்மையின் போர்ட் எண்ணையும் 6380 ஆக்க வேண்டும் என்பதை மறந்து, அரை நாள் வீணாக்கியவன் நான்.

முதன்மை விழுந்தால் நகலை அதன் இடத்துக்கு உயர்த்தும் சென்டினல் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிதான். சென்டினல்கள் முதன்மையிடம் பேசுவதையும் தங்களுக்குள் பேசுவதையும் அதுவே தீர்மானிக்கிறது. தரவைப் பல முனைகளில் பிரித்து வைக்கும் கிளஸ்டர் என்றால் டிஎல்எஸ்-கிளஸ்டர் என்று தனி வரி உண்டு. கிளஸ்டர் முனைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் போர்ட், இயல்பாக, உங்கள் போர்ட் எண்ணோடு 10000 கூட்டினால் வருவது. தீச்சுவர் விதிகளை எழுதுபவர் அதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார், அல்லது "வேலை செய்யவில்லை" என்று யாரோ சொன்னதும் எல்லோருக்கும் திறந்துவிடுவார்.

2025 ஜூலை 16

6379 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு: பழைய தொலைபேசியின் விசைகளில் எம், இ, ஆர், இசட் என்ற எழுத்துகள் அமர்ந்திருக்கும் எண்கள் அவை. அலெசியா மெர்ஸ் என்னும் இத்தாலியத் தொலைக்காட்சிப் பிரபலத்தின் பெயரிலிருந்து அது வந்ததாக சான்ஃபிலிப்போவே எழுதியிருக்கிறார். நண்பர்கள் வட்டத்து நகைச்சுவை ஒன்று உலகெங்கும் தீச்சுவர் விதிகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 6380-க்கு அப்படிக் கதை எதுவும் இல்லை, பக்கத்து எண் என்பது தவிர. மைக்ரோசாஃப்டின் 'அஷ்யூர் கேஷ் ஃபார் ரெடிஸ்' என்னும் மேகச் சேவையில் டிஎல்எஸ் போர்ட்டும் அதுவே, மறையாக்கம் இல்லாத 6379 அங்கே இயல்பாகவே மூடியிருக்கும். அவர்கள் செய்ததைத்தான் நாமும் செய்ய வேண்டும் என்கிறேன்.

2025 ஜூலை 21

இதுவரை எழுதியவற்றை ஒருவர் முழுவதும் படித்துவிட்டு, "உங்கள் கிளையண்ட் சர்வரின் சான்றிதழை உண்மையாகவே சரிபார்க்கிறதா?" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு போய்ப் பார்த்தேன்.

பைத்தானில் ரெடிஸ்-பை நூலகத்தைப் பயன்படுத்துகிறோம். சான்றிதழ் நம் சிஏ கையொப்பமிட்டதா என்பதை அது இயல்பாகவே பார்க்கும், அது சரி. ஆனால் அந்தச் சான்றிதழ் நாம் அழைத்த சர்வரின் பெயருக்கு உரியதா என்பதை அந்த நூலகத்தின் 6.0-க்கு முந்தைய பதிப்புகள் இயல்பாகப் பார்ப்பதில்லை. நம் சிஏ கையொப்பமிட்ட எந்தச் சான்றிதழை யார் காட்டினாலும் "சரி, நீதான் ரெடிஸ்" என்று ஏற்றுக்கொண்டிருந்தது. கிளையண்ட்களுக்கும் அதே சிஏவிலிருந்துதான் சான்றிதழ் கொடுத்திருந்தோம். அப்படியானால், பயன்பாட்டு வகைக்குக் கட்டுப்பாடு வைக்காமல் நான் கையொப்பமிட்ட ஏதோ ஒரு கிளையண்டின் சாவியைக் கைப்பற்றியவர், தன்னையே ரெடிஸ் சர்வராகக் காட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கலாம். மறையாக்கம் அப்போதும் குறைவின்றி நடந்திருக்கும், மறுமுனையில் இருப்பவர் யார் என்பதுதான் தெரிந்திருக்காது.

2025-இல் வந்த ரெடிஸ்-பை 6.0 பதிப்பில் பெயர்ச் சரிபார்ப்பு இயல்பாகவே நடக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். சோதனைச் சர்வரில் நூலகத்தைப் புதுப்பித்தேன். எதிர்பார்த்தபடி எல்லாம் உடைந்தது. காரணம், செயலிகள் சர்வரை ஐபி முகவரியால் அழைக்கின்றன, சான்றிதழிலோ பெயர் மட்டும் இருக்கிறது. அதுவும் பழைய வழக்கப்படி பொதுப்பெயர் பகுதியில். இன்றைய நூலகங்கள் மாற்றுப்பெயர்ப் பகுதியைத்தான் பார்க்கும், அதில் டிஎன்எஸ் பெயரும், தேவையானால் ஐபி முகவரியும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தப் பிழையைக் கண்டவர்கள் செய்யும் 'தீர்வு' என்ன என்பது உங்களுக்கே தெரியும்: சரிபார்ப்பை நிறுத்தும் ஒரு வரியைச் சேர்ப்பது. எங்கள் களஞ்சியத்தில் தேடினேன். ஒரு பழைய சேவையில் சான்றிதழ்ச் சரிபார்ப்பே 'நன்', அதாவது 'எதுவுமில்லை', என்று அணைக்கப்பட்டிருந்தது. எழுதியவர் பெயரைப் பார்த்தேன், நான்தான். அருகில் "தற்காலிகம்" என்று குறிப்பும் இருந்தது, தேதி இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது.

கிளஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. நீங்கள் பெயரால் அழைத்தாலும், "இந்த விசை வேறு முனையில் இருக்கிறது" என்று கிளஸ்டர் திருப்பி அனுப்பும்போது இயல்பாக ஐபி முகவரியைத்தான் தரும். அதை எடுத்துக்கொண்டு கிளையண்ட் அடுத்த முனைக்குப் போனால் சான்றிதழில் அந்த ஐபி இருக்காது. 7.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு முனையும் தன் பெயரை அறிவிக்கவும், முகவரியாகப் பெயரையே தரவும் அமைவு வரிகள் வந்திருக்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் ஐபிகளைச் சான்றிதழில் எழுதுவதைத் தவிர நேர்மையான வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

2025 ஆகஸ்ட் 2

சான்றிதழ் காலாவதி பற்றி எழுதும்படி இருவர் கேட்டிருந்தார்கள். ரெடிஸ் மூல நிரலோடு 'யூட்டில்ஸ்' கோப்புறையில் சோதனைச் சான்றிதழ்களை உருவாக்கும் ஒரு சிறு நிரல் வருகிறது. பெயரிலேயே 'டெஸ்ட்' என்று இருக்கிறது. அவசரத்தில் அதையே உற்பத்திச் சூழலில் ஓட்டிவிடுவது வழக்கமான பாவம். அது உருவாக்கும் சான்றிதழ்களின் ஆயுள் 365 நாள். ஓராண்டு கழித்து அதே தேதியில் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்: ஒன்றும் நடக்காது. சான்றிதழ் சரிபார்க்கப்படுவது இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கலில் மட்டுமே. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் வழக்கம்போல ஓடும். எங்களுக்குச் சான்றிதழ் இறந்தது சனிக்கிழமை. திங்கள் காலை ஒரு சிறு வெளியீட்டுக்காகச் செயலியை மீண்டும் தொடங்கியபோதுதான் அனைத்தும் விழுந்தன. இயல்பாகவே எல்லோரும் அந்த வெளியீட்டைத்தான் குற்றம் சாட்டினார்கள், அதைப் பின்வாங்கினார்கள், பின்வாங்குவதற்காக மறுபடி தொடங்கியதில் மிச்சமிருந்த இணைப்புகளும் போயின.

சான்றிதழைப் புதுப்பிக்க சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. 'கான்ஃபிக் செட்' கட்டளையால் சான்றிதழ்ப் பாதையைக் கொடுத்தால் கோப்பை மறுபடி படித்துக்கொள்ளும். சான்றிதழும் சாவியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதால், ஒன்றை மட்டும் முதலில் மாற்றினால் மறுத்துவிடும், 7.0 பதிப்பில் ஒரே கட்டளையில் பல மதிப்புகளை மாற்றும் வசதி வந்த பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது. தனிச்சாவிக் கோப்பை ரெடிஸ் பயனரால் படிக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். ரூட் பயனராக உருவாக்கிவிட்டு, ரெடிஸால் படிக்க முடியவில்லை என்றதும் எல்லோரும் படிக்கும்படி அனுமதியைத் தளர்த்தியிருக்கும் சர்வர்கள் எத்தனையோ.

2025 ஆகஸ்ட் 19

இன்னும் 5-ஆம் பதிப்பில் இருப்பவர், எஸ்டனல் கொண்டு சமாளிக்கலாமா என்று கேட்கிறார். சமாளிக்கலாம், ஆறாம் பதிப்பு வரும் வரை நானும் அப்படித்தான் செய்தேன். எஸ்டனல் 6380-இல் டிஎல்எஸ் வாங்கி, அதே கணினியில் 127.0.0.1-இல் கேட்கும் ரெடிஸிடம் பிரித்துக் கொடுக்கும். மறந்துவிடக் கூடாதது ஒன்று: இப்போது ரெடிஸின் பார்வையில் எல்லா இணைப்பும் உள்ளூர் இணைப்பு. 3.2 பதிப்பில் வந்த 'பாதுகாப்பு நிலை', கடவுச்சொல் வைக்காத சர்வர் வெளியிலிருந்து வருபவர்களுக்கு விடையளிக்காதபடி தடுக்கிறது. எஸ்டனலுக்குப் பின்னால் அந்தத் தடை செயலற்றுப் போகும், ஏனெனில் வெளியார் என்று யாருமே அதன் கண்ணில் படுவதில்லை. ஆகவே கடவுச்சொல் கட்டாயம்.

டாக்கரின் அதிகாரபூர்வ ரெடிஸ் படிமத்திலும் பாதுகாப்பு நிலை அணைத்தே வருகிறது. அதில் போர்ட்டை வெளியே திறந்துவிட்டு, யூஎஃப்டபிள்யூ தீச்சுவர் காக்கும் என்று நம்பியிருப்பவர்கள், டாக்கர் திறக்கும் போர்ட்கள் அந்தத் தீச்சுவரைச் சுற்றிக்கொண்டு போகும் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

செயலியும் ரெடிஸும் ஒரே கணினியில் இருந்தால் இந்தப் பக்கம் முழுவதும் உங்களுக்குத் தேவையில்லை. வலையமைப்பைத் தொடாத யூனிக்ஸ் சாக்கெட் வைத்துக்கொண்டு இரண்டு போர்ட்டையும் மூடிவிடுங்கள்.

2025 செப்டம்பர் 6

வேகம் குறையுமா? குறையும். கட்டளைகளை ஒற்றை இழையில் செய்யும் சர்வர், மறையாக்கத்தையும் அதே இழையில் செய்ய வேண்டியிருக்கிறது. 6.0-இல் வந்த கூடுதல் உள்ளீட்டு இழைகள் டிஎல்எஸ்ஸோடு வேலை செய்யாது என்று அந்தப் பதிப்பின் அமைவுக் கோப்பிலேயே எழுதியிருந்தது. எவ்வளவு குறையும் என்பதற்குப் பிறருடைய எண்ணை நம்பாதீர்கள். ரெடிஸ்-பெஞ்ச்மார்க் கருவிக்கே டிஎல்எஸ் தெரிவு உண்டு, உங்கள் சர்வரில் ஓட்டிப் பாருங்கள்.

எங்கள் அனுபவத்தில் வலித்தது மறையாக்கம் அல்ல, கைகுலுக்கல். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிய இணைப்பு திறந்து மூடும் பிஎச்பி செயலி ஒன்று இருந்தது. டிஎல்எஸ் இல்லாதவரை அந்தச் சோம்பேறித்தனத்தை யாரும் கவனிக்கவில்லை. டிஎல்எஸ் வந்ததும் சர்வரின் சிபியூ நேரம் முழுவதும் கைகுலுக்குவதிலேயே போயிற்று. இணைப்புகளைத் திறந்தே வைத்துப் பகிர்ந்துகொள்ளும்படி மாற்றிய பிறகு வேறுபாடு தெரியாத அளவுக்குக் குறைந்தது.

2025 அக்டோபர் 9

இந்த வாரம் எல்லோரும் பேசும் லுவா ஓட்டையை, அதாவது ரெடிஸுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் லுவா மொழிப் பகுதியில் உள்ள சிவிஇ-2025-49844-ஐ, இங்கேயும் கொண்டுவந்திருக்கிறார்கள். தீவிர அளவில் 10-க்கு 10 கொடுத்திருக்கிறார்கள். "நாங்கள் டிஎல்எஸ் போட்டுவிட்டோம், எங்களைப் பாதிக்காதுதானே?" என்ற கேள்விக்கு விடை: பாதிக்கும். உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்கும் உரிமை பெற்ற ஒருவர், வடிவமைத்த லுவா நிரல் ஒன்றை அனுப்பி, ரெடிஸின் எல்லையைத் தாண்டி அந்தக் கணினியிலேயே தன் நிரலை ஓட்ட முடியும் என்பதுதான் சிக்கல். அவர் அனுப்பும் நிரல் மறையாக்கத்தோடு பத்திரமாக வந்து சேரும் என்பது மட்டுமே டிஎல்எஸ் செய்யும் உதவி.

திருத்தப்பட்ட பதிப்புக்கு, 8.2 வரிசையில் 8.2.2-க்கு, மாறுங்கள். உடனே முடியாதவர்கள் ஏசிஎல் வழியாக, லுவா நிரலை ஓட்டும் ஈவல், ஈவல்ஷா கட்டளைகளைச் செயலிப் பயனர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். ஜூலை 12 அன்று கிளையண்ட் சான்றிதழை 'நோ' என்று வைப்பது பெருங்குற்றம் இல்லை என்று எழுதியிருந்தேன். இந்த வாரம் அதை அவ்வளவு தாராளமாக எழுதியிருக்க மாட்டேன். கடவுச்சொல்லோடு சான்றிதழும் கேட்கும் சர்வரில் இந்த ஓட்டையை எட்டக்கூடியவர்களின் எண்ணிக்கை சிறியது. மாற்றம் செய்ய எனக்கு ஓர் இரவு கூடுதலாகக் கிடைத்தது அதனால்தான்.

2025 நவம்பர் 4

சொந்த சிஏ வைத்துக்கொள்வது தலைவலி என்பதால், இலவசமாகச் சான்றிதழ் தரும் பொது அமைப்பான லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சான்றிதழையே ரெடிஸுக்கும் பயன்படுத்துவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். கிளையண்ட் சான்றிதழ் கேட்காத அமைவில் அது நடக்கும். ஆனால் நகல்கள் இருந்தால் கவனியுங்கள். நகல் தன் முதன்மையிடம் போகும்போது அது ஒரு கிளையண்ட். வேறு சொல்லாவிட்டால் தன் சர்வர் சான்றிதழையே கிளையண்ட் சான்றிதழாகவும் காட்டும். கிளையண்டாகப் பயன்படுத்தும் அனுமதியைத் தங்கள் சான்றிதழ்களிலிருந்து 2026-இல் நீக்கப்போவதாக லெட்ஸ் என்க்ரிப்ட் இவ்வாண்டு அறிவித்திருக்கிறது. அப்படிப் புதுப்பிக்கப்பட்ட சான்றிதழோடு போகும் நகலை, கிளையண்ட் சான்றிதழ் கேட்கும் முதன்மை ஏற்காது. கிளையண்ட் வேடத்துக்குத் தனிச் சான்றிதழ் கொடுக்க 6.2-இலிருந்து டிஎல்எஸ்-கிளையண்ட்-செர்ட்-ஃபைல் என்ற வரி இருக்கிறது. அந்தச் சான்றிதழை எங்கிருந்து வாங்குவீர்கள் என்றால், மறுபடி சொந்த சிஏவுக்குத்தான் வந்து நிற்கிறோம்.

2025 நவம்பர் 18

ஜூலையில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். 6379-ஐ மூடிவிட்டாராம். மூடியதும் விழுந்தது கண்காணிப்புக் கருவி ஒன்று மட்டுமே. அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று என்கிறார். தணிக்கைக்கு எதைச் சான்றாகக் காட்டுவது என்று கேட்டிருந்தார். இணைப்பு வெற்றி பெற்ற திரைப்பிடிப்பைக் காட்டுவதில் பயனில்லை. தோற்க வேண்டியவை தோற்பதைக் காட்டுங்கள் என்று எழுதினேன். டிஎல்எஸ் இல்லாமல் ஒருமுறை, கிளையண்ட் சான்றிதழ் இல்லாமல் ஒருமுறை, சான்றிதழில் இல்லாத வேறொரு பெயரால் சர்வரை அழைத்து ஒருமுறை, ஒவ்வொரு செயலியின் கணினியிலிருந்தும் முயல வேண்டும். மூன்றாவதற்கு ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு போலிப் பெயரை அதே ஐபிக்குச் சேர்த்தால் போதும். செயலி தன் வழக்கமான நூலகத்தோடேயே முயல வேண்டும், ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையால் முயன்றால் செயலியின் அமைவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

2025 நவம்பர் 19

அவருடைய விடை வந்துவிட்டது. முதல் இரண்டும் எல்லாக் கணினிகளிலும் தோற்றன. மூன்றாவது சோதனை, பின்னணியில் மின்னஞ்சல் அனுப்பும் பிஎச்பி சேவையில் மட்டும் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் வெற்றி பெற்றிருக்கிறது. அமைவுக் கோப்பை எனக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறார், வேண்டாம்; அதில் கடவுச்சொல் இருக்கும். வெரிஃபை-பியர்-நேம் என்ற சொல்லை நிரலில் தேடுங்கள். அருகில் "தற்காலிகம்" என்ற குறிப்பு இருக்கிறதா என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள்.